கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது? மதுரையிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

கோடை விடுமுறை வந்தால் கொடைக்கானல் ஏறிக்கொண்டிருந்த மதுரைக் குடும்பங்களில் சில, இப்போது சிங்கப்பூர் போய் அங்கிருந்து மூன்று ராத்திரி, நான்கு ராத்திரி என்று கப்பலிலும் ஏறிவிடுகின்றன. பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் பக்கம் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும் கப்பல்கள். நம்மூர்ப் பக்கமே வேண்டுமென்றால், 2022 ஜூனிலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கார்டீலியா கப்பல் சில பருவங்களில் கிளம்புகிறது. டிக்கெட்டு, விசா எல்லாம் கைக்கு வந்த பிறகு வீட்டில் ஒரு பேச்சுக் கிளம்பும். "ஏங்க, ராத்திரி சாப்பாட்டுக்குக் கோட்டு சூட்டு இல்லாம உள்ளயே விட மாட்டாங்களாமே?"

விடுவார்கள். கோட்டு தைக்கக் கிளம்பாதீர்கள். கல்யாணத்துக்குப் போவதற்கு உங்கள் பீரோவில் என்ன இருக்கிறதோ, அதுவே கப்பலின் பெரிய விருந்துக்குப் போதும். உண்மையில் ஆளைப் படுத்துவது வேறு சில விஷயங்கள்: துணி கசங்குவது, ஏசிக் குளிர், காலில் என்ன போடுவது, முதல் நாள் பெட்டி கைக்கு வராமல் நிற்பது. கீழே பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில், உங்கள் கப்பலின் விதியைப் பாருங்கள்

எல்லாக் கப்பலுக்கும் ஒரே சட்டம் கிடையாது. கூனார்ட் மாதிரிப் பழைய பிரிட்டிஷ் கம்பெனிகள் கறாரானவை. மாலை ஆறு மணிக்கு மேல் கப்பலின் பெரும்பாலான இடங்களில் உடை விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்வார்கள். நார்வீஜியன் கம்பெனி நேரெதிர், ஃபார்மல் உடை கட்டாயமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து நம்மவர்கள் அதிகம் ஏறும் ராயல் கரீபியன், கெண்டிங் ட்ரீம் இரண்டும் இந்த இரண்டுக்கும் நடுவில். கார்டீலியாவில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள்தான் என்பதால் அங்கே பட்டுப்புடவையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் பதிவு செய்த கம்பெனியின் தளத்தில் 'டிரஸ் கோடு' என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். அதில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

கேஷுவல் என்றால் காலர் வைத்த சட்டை, டீ சர்ட், கிழிசல் இல்லாத ஜீன்ஸ், சுடிதார், காட்டன் புடவை. ஸ்மார்ட் கேஷுவல் என்றால் பேன்ட்டும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும். பெண்களுக்கு நல்ல குர்தி, ஜார்ஜெட் புடவை. வங்கியில் வேலை பார்க்கிறவர் திங்கட்கிழமை போட்டுப் போவாரே, அந்த அளவு. ஃபார்மல் என்றால் கல்யாண ரிசப்ஷன். சில கம்பெனிகள் இதற்கே 'காலா', 'எலகன்ட்', 'ஈவினிங் சிக்' என்று விதவிதமாகப் பெயர் வைத்திருக்கின்றன. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், எல்லாம் அதேதான்.

ஃபார்மல் ராத்திரி தினமும் வராது. மூன்று நான்கு ராத்திரிப் பயணத்தில் பொதுவாக ஒன்று, ஏழு ராத்திரி என்றால் இரண்டு. பெரும்பாலும் கப்பல் எந்த ஊரிலும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலில் ஓடும் நாளில் வைப்பார்கள். கப்பலின் செயலியிலோ, அறைக்கு வரும் தினசரித் தாளிலோ அன்றைய உடை என்ன என்று போட்டிருக்கும். சில கப்பல்களில் எல்லோரும் வெள்ளையில் வாருங்கள் என்று ஒரு ராத்திரி உண்டு. வெள்ளை வேட்டி சட்டைக்காரருக்கு அதைவிடச் சுலபமான நாள் இல்லை.

இந்த விதியெல்லாம் மேஜைக்குப் பரிமாற வரும் பிரதான சாப்பாட்டு ஹாலுக்கும், காசு கொடுத்துச் சாப்பிடும் தனி உணவகங்களுக்கும்தான். பஃபேயில் எல்லா ராத்திரியும் கேஷுவல்தான். உடுத்த அலுப்பாக இருந்தால் நேரே பஃபேக்குப் போய்விடலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

வேட்டி கட்டலாமா?

தாராளமாக. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை என்று பெரிய சர்ச்சையாகி, அதே ஆண்டு சட்டமன்றத்தில் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் நடுக்கடலில் செல்லாதுதான். ஆனால் அங்கே அது தேவையும் இல்லை. கறாரான கூனார்ட்கூட ஃபார்மல் ராத்திரிக்குத் தேசிய உடையை ஏற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையோடு வந்து உட்காரும் ஹாலில் நம் வேட்டி என்ன குறைந்து போயிற்று? மனசு கேட்கவில்லை என்றால், கிளம்புவதற்கு முன் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டு, பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்த வேட்டி என்பதில் யோசனை வேண்டும். ஃபார்மலுக்குப் பட்டு வேட்டியோ, ஜரிகைக் கரை போட்ட எட்டு முழமோ எடுங்கள். மேலே முழுக்கைச் சட்டை. நான்கு முழ ஒற்றை வேட்டியில் வெளிச்சம் பட்டால் உள்ளே தெரியும். சாப்பாட்டு ஹாலில் சரவிளக்குகள் வேறு. அங்கவஸ்திரம் தோளில் நிற்காமல் சூப்பில் விழும், அதை விட்டுவிடலாம். மடித்துக் கட்டுவது உங்கள் அறைக்குள் மட்டும்.

காற்றையும் மறக்காதீர்கள். கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறதென்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளில்கூட திறந்த டெக்கில் அந்த வேகத்துக்கு முகத்தில் அடிக்கும், எதிர்க்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பிட்டு முடித்துக் கடல் பார்க்க மேலே போகாதவர் யாருமில்லை. ஆகவே வேட்டிக்கு மேல் பெல்ட், உள்ளே அரை டிரவுசர். ஒட்டிக்கோ வேட்டி இருந்தால் இன்னும் நிம்மதி, அதில் பாக்கெட்டும் இருக்கும். பாக்கெட் ஏன் முக்கியம் என்றால், அறைக் கதவைத் திறக்கவும், குடிப்பதற்கு ஏதாவது வாங்கவும், கரையில் இறங்கி ஏறவும் ஒரே ஒரு அட்டைதான். அதை எங்கே வைப்பது என்று வேட்டி கட்டியவர் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது நழுவும்.

வேட்டி பழக்கமில்லாதவர்களுக்கு: கல்யாணமான மதுரைக்காரர் பலர் வீட்டிலும் ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். அது இன்னும் பட்டன் போட முடிந்தால் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு நேரு கோட்டு, கறுப்பு பேன்ட்டு. கோட்டை விட இது மடிக்க எளிது, சூடும் குறைவு, படத்திலும் நன்றாக விழும். புதிதாகத் தைக்கப் போனால் தையல்காரர் "முழு செட்டே தச்சுருவோம்ணே, ஒரு தடவதான செலவு" என்பார். கேட்காதீர்கள்.

புடவையும் சுங்குடியும்

முகூர்த்தப் பட்டைக் கொண்டுபோகாதீர்கள். பெட்டியில் பாதி எடை அதுவே பிடிக்கும். கப்பல் அறை நம் வீட்டுக் குளியலறை அளவுதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நின்று கொசுவம் பிடிப்பதற்குள் புருஷன், பிள்ளைகள் எல்லோரும் நடைவழியில் போய் நிற்க வேண்டி வரும். மென்பட்டு என்று இப்போது கிடைக்கும் லேசான பட்டு, கிரேப், ஜார்ஜெட் இவற்றில் ஒன்று ஃபார்மலுக்குப் போதும். வட இந்தியர்கள் லெஹங்கா, அனார்கலியில் வருவார்கள், வெள்ளைக்காரப் பெண்கள் நீளக் கவுனில். நடுவில் மாம்பழ மஞ்சளும் அரக்குக் கரையுமாக ஒரு புடவை போனால் எது எடுப்பாகத் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

சுங்குடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ச் சரக்கு. மெல்லிய பருத்தி, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த கடற்கரைக் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணி கிடையாது. பினாங்கில் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து குளித்து, ஒரு சுங்குடியைச் சுற்றிக்கொண்டு கேஷுவல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகிற சுகமே தனி. ஆனால் அதைக் கஞ்சி போட்டு விறைப்பாகக் கொண்டுபோகக் கூடாது. பெட்டியில் விழும் மடிப்பு அப்படியே முறுகிக்கொண்டு நிற்கும், அங்கே நிமிர்த்த வழியில்லை. கஞ்சி இல்லாமல், நாலைந்து தடவை உடுத்தித் துவைத்து நன்றாக நைந்த புடவையை எடுங்கள். புதுசு வாங்கினால் ஊரிலேயே ஒருமுறை உப்புத் தண்ணீரில் தனியாக அலசிவிடுங்கள். கப்பல் குளியலறையில் பிள்ளையின் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து நனைத்துவிட்டு வருத்தப்பட வேண்டாம். முடிச்சிட்ட கைச்சாயப் புள்ளி வேண்டுமா, அச்சடித்தது போதுமா என்பது உங்கள் பணப்பையைப் பொறுத்தது. உண்மையான முடிச்சுப் புள்ளி சிறு சதுரமோ வட்டமோ ஒன்றுபோல் ஒன்று இருக்காது, தடவினால் சின்னச் சின்னக் குமிழ் தட்டும். அச்சில் அது தட்டையாக இருக்கும்.

முந்தானையை விரித்துவிடாமல் மடிப்பு வைத்து ஊக்கு குத்துங்கள். ஊக்கு ஒரு அட்டை முழுக்க எடுத்துப் போங்கள். கப்பல் கடையில் வைரம் கிடைக்கும், ஊக்கு கிடைக்காது.

ரவிக்கை தைக்க வேண்டியிருந்தால் காலண்டரைப் பாருங்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தக் காலத்திலும், தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் மதுரைத் தையல்காரர் 'நாளைக்கு' என்றால் பத்து நாள் என்று பொருள். புது மண்டபத்தில் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களை இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் தேட வேண்டும். துணிக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை போனால் போதும், எதற்கும் கடைசி வாரம் வேண்டாம்.

நகை? தெற்கு ஆவணி மூல வீதியில் வாங்கியதையெல்லாம் கடலுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஒரு சங்கிலி, ஒரு தோடு, மிச்சமெல்லாம் கவரிங். அறையில் சின்ன இரும்புப் பெட்டி இருக்கும் என்றாலும் தினமும் பூட்டித் திறந்துகொண்டிருப்பது ஒரு வேலை. மல்லிகைப் பூ வாங்கிவைத்துப் புறப்பட்டால் கப்பல் ஏறுவதற்குள் பழுப்பாகிவிடும்.

இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்

இதைத் தெரியாமல் போகிறவர்கள் அதிகம். தீப்பிடிக்கும் என்ற பயத்தால் இஸ்திரிப் பெட்டி, ஆவி இஸ்திரி, தண்ணீர் சூடாக்கும் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எதையும் அறைக்குள் விடுவதில்லை. ஏறும்போதே ஸ்கேனில் பார்த்து எடுத்துவைத்து, இறங்கும் நாளில் திருப்பித் தருவார்கள். பெட்டிக்கு நடுவில் புளிக்காய்ச்சலோடு கெட்டிலையும் சொருகி வைக்கிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் வீட்டில் விடுங்கள்.

அப்புறம் துணி கசங்காமல் எப்படிப் போய்ச் சேர்வது? இதற்குச் சில வழிகள் உண்டு. புடவையை, இஸ்திரிக் கடையில் போட்டு வாங்கிய மடிப்போடு, லாண்டரிக்காரர் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் தனித்தனியாக வையுங்கள். உறைக்குள் துணி வழுக்கிக்கொடுப்பதால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. சட்டையில் காலருக்குள் ஒரு சுருட்டிய பனியனைத் திணித்தால் காலர் நசுங்காது. ஜீன்ஸ், டீ சர்ட்டு எல்லாம் உருளையாகச் சுருட்டி அடியில். பட்டு எப்போதும் மேலே. அறைக்குள் போனதும் முதல் வேலை, பெட்டியைத் திறந்து ஃபார்மல் உடையை ஹேங்கரில் மாட்டுவது. குளியலறைக் கொக்கியில் தொங்கவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்து கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சட்டை முக்கால்வாசி நிமிர்ந்திருக்கும். பட்டுக்கு இந்த வேலை வேண்டாம், தண்ணீர்ப் புள்ளி விழுந்தால் போகாது.

இதுவும் ஆகவில்லை என்றால் கப்பலிலேயே இஸ்திரி போட்டுத் தருவார்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று காசு. அலமாரியில் ஒரு பையும் சீட்டும் இருக்கும். நிரப்பி அறையைக் கவனிக்கும் பணியாளரிடம் காலையிலேயே கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் வரும். ஆக ஃபார்மல் ராத்திரிக்கு அன்று மதியம் நினைவு வந்தால் காலம் கடந்துவிட்டது. பிரின்சஸ், கார்னிவல் மாதிரிச் சில கம்பெனிக் கப்பல்களில் நாமே துணி துவைத்துக்கொள்ளும் அறை உண்டு, ராயல் கரீபியனில் அதுவும் கிடையாது.

முதல் ராத்திரிக்குத் தனிப் பை

துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது நேரே உங்களோடு வராது. ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பிரித்து அறை அறையாகக் கொண்டுவந்து வைக்க மாலையாகிவிடும், சிலருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிவிடும். நீங்களோ விடியற்காலையில் கிளம்பி, விமானத்தில் கசங்கி, அங்கே வேர்த்து வந்திருப்பீர்கள். கைப்பையில் ஆளுக்கு ஒரு செட் உடை, உள்ளாடை, மாத்திரை, சீப்பு. முதல் ராத்திரி பெரும்பாலும் கேஷுவல்தான் என்பதால் சுடிதாரும் காலர் சட்டையும் போதும்.

எந்த நேரப் பந்தி?

பதிவு செய்யும்போதே கேட்பார்கள். முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணி. அடுத்தது எட்டு மணிவாக்கில். ஆறு மணி நமக்கு வடையும் காபியும் குடிக்கிற நேரம். ராத்திரி பதினொரு மணிக்கும் இட்லிக் கடையில் கூட்டம் நிற்கிற ஊர்க்காரர்களுக்கு இரண்டாம் பந்திதான் ஒத்துவரும். உடைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு: ஊர் சுற்றி ஐந்து மணிக்குக் கப்பல் ஏறினால் முதல் பந்திக்குக் குளிக்கக்கூட நேரமிருக்காது, வேர்வைச் சட்டையோடு ஓட வேண்டும். இரண்டாம் பந்தி என்றால் சூரியன் மறைவதை டெக்கில் பார்த்துவிட்டு, நிதானமாகப் புடவை கட்டிவிட்டுப் போகலாம். கைக்குழந்தை, சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் மட்டும் முதல் பந்தி.

சைவம், ஜெயின் சாப்பாடு வேண்டுமென்றால் முன்பே எழுதிவிட்டு, முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் ஒருமுறை சொல்லிவையுங்கள். பருப்பும் குழம்பும் மேஜைக்கு வரும் என்றால், வெள்ளைச் சட்டைக்காரர் கைக்குட்டைத் துணியை மடியில் போடுவது நல்லது. கையால் சாப்பிடலாமா என்று தயங்க வேண்டாம், சாப்பிடுங்கள். சுடிதார் துப்பட்டாவை மட்டும் பின்னால் முடிச்சிட்டுக்கொள்ளுங்கள்.

குளிரும் காலும்

வெளியே வேர்த்துக் கொட்டும், உள்ளே பல்லடிக்கும். சாப்பாட்டு ஹாலும் நாடக அரங்கும் நம்மூர் சினிமா தியேட்டரில் காலைக் காட்சிக்குக் கூட்டமில்லாதபோது ஏசி போட்ட மாதிரி இருக்கும். பெண்கள் ஒரு காட்டன் சால்வை, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர். வீட்டு அலமாரியில் யார் யார் விழாவிலோ போர்த்திய பொன்னாடைகள் குவிந்திருக்கும், அதை எடுத்துவர வேண்டாம், ஜரிகை கழுத்தை அறுக்கும்.

வெறுங்காலோடு சாப்பாட்டு ஹாலுக்குள் விடமாட்டார்கள். ரப்பர் செருப்பும் வேண்டாம். வேட்டிக்கு நல்ல தோல் செருப்பு போதும், பேன்ட்டுக்கு ஷூ. பெண்கள் உயரக் குதிகாலைத் தவிர்ப்பது நல்லது: பளிங்குத் தரை, படிக்கட்டு, அதோடு கப்பல் லேசாக ஆடும். தட்டையான செருப்பில் பக்கிள் வைத்த பட்டை இருந்தால் புடவை மடிப்பு அதில் மாட்டாதா என்று வீட்டிலேயே நடந்து பாருங்கள். பையன்களுக்குப் புது ஷூ வாங்காதீர்கள், பள்ளிக்கூடக் கறுப்பு ஷூவைத் துடைத்துப் போட்டால் ஃபார்மலுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. சிறுமிகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை. ஹாலில் இருக்கும் பாட்டிமார் எல்லா மேஜையிலிருந்தும் எழுந்து வந்து கன்னத்தைக் கிள்ளுவார்கள்.

செய்யக் கூடாதவை அதிகமில்லை. நீச்சல் உடை, கையில்லாத பனியன், தொப்பி, குளியல் அங்கி இவற்றோடு ஹாலுக்குப் போகக் கூடாது. அரை டிரவுசரைச் சில கம்பெனிகள் கேஷுவல் ராத்திரியில் அனுமதிக்கின்றன, சில இல்லை. கைலி எந்தப் பட்டியலிலும் இருக்காது, அதற்காகக் கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். நைட்டியும் அப்படித்தான், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினால் அது மரியாதையான உடையாகிவிடாது.

ஃபார்மல் ராத்திரியில் படிக்கட்டுப் பக்கம் திரை கட்டிப் படம் எடுப்பவர்கள் நிற்பார்கள். நின்று எடுத்துக்கொள்வதற்குக் காசில்லை, பிரதி வேண்டுமென்றால்தான் காசு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. குடும்பமாக நில்லுங்கள், மறுநாள் பாருங்கள், பிடித்தால் ஒன்று வாங்குங்கள்.

கடைசி ராத்திரி பெட்டியைப் பூட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், நள்ளிரவுக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். சாப்பிட்டு வந்த அசதியில் எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிட்டு, காலையில் இறங்கக் கைலியைத் தவிர ஒன்றுமில்லாமல் நிற்பவர்களை ஒவ்வொரு கப்பலிலும் பார்க்கலாம். மறுநாள் உடை, செருப்பு, பாஸ்போர்ட்டு மூன்றையும் முதலில் கட்டில் மேல் எடுத்துவைத்துவிட்டு, அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள்.